டோக்கியோவா, பனிமலையா? – பயணக் கேள்வி பதில்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருக்கிறோம். டிசம்பர் 22 முதல் 28 வரை ஜப்பான் போக விமான டிக்கெட் எடுத்தாயிற்று. ஆறு இரவுகள். நான், கணவர், 14 வயது மகன், 9 வயது மகள், 68 வயது மாமியார். கணவருக்கு டோக்கியோ நகரத்தை நிதானமாகச் சுற்ற ஆசை. மகன் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளாமல் திரும்ப மாட்டேன் என்கிறான். மாமியாருக்கு மூட்டு வலி உண்டு. அவர், "பனி விழறத ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்மா" என்கிறார். அவரும் நானும் சுத்த சைவம். ஆறு இரவும் டோக்கியோவில் தங்கி, ஒரே ஒரு நாள் காலையில் மலைக்குப் போய் இரவு திரும்பிவிடலாம் என்பது கணவரின் யோசனை. சரிவருமா? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எதை?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: ஒன்றைத்தான் என்றால் மலை. நல்லவேளையாக உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆறு இரவில் மூன்றை மலைக்குக் கொடுங்கள். கணவரின் ஒரு நாள் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள்.

காரணம் உங்கள் மாமியாரின் ஆசையிலேயே இருக்கிறது. தரையில் கிடக்கும் பனியைப் பார்க்க ஒரு நாள் போதும். விழும் பனியைப் பார்க்க, அது விழும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பல நாள் அது ராத்திரியில் கொட்டிவிட்டு, காலையில் பயணிகள் ரயிலை விட்டு இறங்கும்போது நின்றிருக்கும். இருந்து காத்திருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

டோக்கியோவிலேயே பனி விழாதா என்று கேட்கலாம். விழும், வருடத்தில் ஏதோ சில நாள், அதுவும் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். டிசம்பர் கடைசியில் டோக்கியோவின் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். பகலில் 10, 12 டிகிரி. காற்று வறண்டு உதடு வெடிக்கும். அதே நேரத்தில் ரயிலில் ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் வீட்டுக் கூரை தெரியாத அளவுக்குப் பனி கொட்டலாம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹோன்ஷு தீவின் நடுவிலுள்ள மலைத்தொடரில் மோதியதும் அத்தனையையும் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக டோக்கியோ பக்கம் இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மலைக்கு இந்தப் பக்கம் வெறும் காற்றாக வருகிறதே, அதே கதைதான்.

இதை நீங்கள் ரயிலில் இருந்தபடியே பார்க்கலாம். டோக்கியோவிலிருந்து நீகாட்டா போகும் ஜோயெட்சு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் 22 கிலோமீட்டருக்கு மேல் நீளமான டாய்ஷிமிசு சுரங்கத்துக்குள் நுழையும். நுழையும்போது வெயில், பழுப்பு நிற வயல், காய்ந்த புல். வெளியே வந்தால் எல்லாமே வெள்ளை. அடுத்த நிறுத்தம்தான் எச்சிகோ-யுசாவா. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்லும் ஊர் அதுதான். சுரங்கம் முடியும் நேரத்தில் குழந்தைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

ஹாகுபா, நோசாவா ஆன்சென் என்று வேறு ஊர்களின் பெயர்களும் உங்கள் காதில் விழுந்திருக்கும். இரண்டும் நகானோ மாநிலத்தில் இருக்கின்றன. 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் பனிச்சறுக்குப் போட்டிகள் சிலவும் ஸ்கீ தாண்டும் போட்டிகளும் நடந்த இடம் ஹாகுபா. சறுக்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் சொர்க்கம். ஆனால் ஷின்கான்செனில் நகானோ வரை போய், அங்கிருந்து பேருந்தில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். நோசாவா எனக்கு மிகவும் பிடித்த கிராமம். ஊர்க்காரர்களே பராமரிக்கும் 13 பொதுக் குளியல் இல்லங்கள் அங்கே உண்டு. காசு கேட்க மாட்டார்கள், உண்டியலில் மனமிருந்தால் போடலாம். ஆனால் அந்தத் தெருக்கள் எல்லாம் சரிவு. உறைந்த சரிவில் மூட்டு வலிக்காரரை நடக்கவைக்க எனக்கு மனம் வராது. யுசாவாவில் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள பகுதி பெரும்பாலும் சமதளம். பல விடுதிகள் ஸ்டேஷனுக்கே வண்டி அனுப்பும். உங்கள் வீட்டு ஆட்களை வைத்துப் பார்த்தால் இதற்கு மேல் வேறு ஊர் தேட வேண்டாம்.

இரவுகளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். 22ஆம் தேதி டோக்கியோவில் உயெனோ பக்கம் ஒரு ஹோட்டல். 23, 24, 25 யுசாவா. 26, 27 மறுபடி உயெனோவில் அதே ஹோட்டல். பெரிய பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு ஆளுக்கொரு சின்னப் பையோடு மலைக்குப் போகலாம். திரும்பத் தங்க வருகிறீர்கள் என்றால் பெரும்பாலான ஹோட்டல்களில் பெட்டியை வைத்துக்கொள்வார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உயெனோவைச் சொல்வதற்குக் காரணம், யுசாவா ரயில் அங்கேயே நிற்கும், டோக்கியோ ஸ்டேஷன் வரை போக வேண்டியதில்லை. ஷின்கான்சென் நடைமேடை மட்டும் தரைக்கு நான்கு தளம் கீழே இருக்கிறது. மாமியாருக்காக லிஃப்ட் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்து வைத்துவிட்டு, அரைமணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

மலையைக் கடைசியில் வைக்காததற்கும் காரணம் உண்டு. நனைந்த துணியைத் துவைத்துக் காயவைக்க ஒரு நாள் வேண்டும். பெரும்பனி நாளில் உள்ளூர்ப் பேருந்தும் சின்ன ரயிலும் தடுமாறும். ஷின்கான்சென் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனாலும் மறுநாள் விமானம் இருக்கும்போது அந்தக் கவலை எதற்கு? அப்புறம், டிசம்பர் 24 ராத்திரி டோக்கியோவில் இளம் ஜோடிகளின் இரவு. நல்ல உணவகம் எதிலும் ஐந்து பேருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அன்றைக்கு நீங்கள் மலையில் இருப்பது நல்லது. 25ஆம் தேதி அங்கே அரசு விடுமுறை இல்லை. அதனால் பனிச்சரிவில் கூட்டமும் சமாளிக்கும்படி இருக்கும். 29ஆம் தேதிக்கு மேல்தான் புத்தாண்டுக் கூட்டமும் அறை விலையும் ஏறும். தேதியை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். எச்சிகோ-யுசாவாவுக்கு அடுத்து காலா யுசாவா என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. 1990 டிசம்பரில் திறந்தார்கள். பனிச்சறுக்குக் காலத்தில் மட்டும்தான் அங்கே ரயில் நிற்கும். டிக்கெட் வாயிலைத் தாண்டியதும் எதிரிலேயே சறுக்குக் கட்டை, பூட்ஸ், உடை வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து கொண்டோலா என்னும் கம்பிவடப் பெட்டி நேராக மலைக்கு ஏற்றிவிடும். உங்கள் கணவர் சொல்லும் ஒரு நாள் பயணம் இதை நம்பித்தான், டோக்கியோக்காரர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே சறுக்கத் தெரியும். தெரியாத ஐந்து பேர் காலை ரயிலில் வந்து இறங்கினால், வாடகை வரிசை, உடை மாற்றுவது, சின்னவளுக்குச் சரியான பூட்ஸ் தேடுவது என்றே மதியம் ஆகிவிடும். நான்கு மணிக்கெல்லாம் சரிவில் மேலே ஏற்றிவிடும் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள், வெளிச்சமும் போய்விடும்.

முதல் நாள் மகன் விழுவான், எழுவான், கட்டையைக் கழற்றுவான், அழாத குறையாக மாட்டுவான். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் இரண்டு மணி நேர வகுப்பை இப்போதே முன்பதிவு செய்யுங்கள். அங்கே போய் இடம் தேட முடியாது. அப்பா சொல்லிக்கொடுப்பார் என்று விடவே விடாதீர்கள். மறுநாள் தொடை இரண்டும் கல்லாகிவிடும், அன்று அரைநாள் போதும். மூன்றாம் நாள் காலையில்தான் உடம்புக்குப் பிடிபடும். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் மாலை "இனிமேல் வேண்டாம்" என்று சொன்ன பையன், மூன்றாம் நாள் லிஃப்டை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றிருக்கிறான். ஒரு நாள் பயணத்தில் குழந்தைக்குக் கிடைப்பது அந்த முதல் நாள் மட்டும்தான். நான் மூன்று இரவு என்று பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். மகளுக்குப் பனியில் சறுக்குத்தட்டு விளையாடும் இடம் தனியாக இருக்கிறது. அவள் அதிலேயே திருப்தியானால் வகுப்புக்கு வற்புறுத்த வேண்டாம்.

உடையும் சறுக்குக் கட்டையும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை, தொப்பி, கண்ணாடி பெரும்பாலும் கிடைக்காது. சிங்கப்பூரிலேயே வாங்கிவிடுங்கள். உள்ளே ஜீன்ஸும் பருத்திக் காலுறையும் வேண்டாம். நனைந்தால் காயாது. பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்து சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைத் திறந்து வாசியுங்கள். பல திட்டங்களில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மாமியாருக்கான ஏற்பாடுதான் இந்தப் பயணத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். அறை எடுக்கும்போது கட்டில் உள்ள அறை என்று கேட்டு வாங்குங்கள். பாரம்பரிய விடுதியான ரியோகானில் பாயின் மேல் மெத்தை விரித்துவிடுவார்கள். மூட்டு வலியோடு தரையிலிருந்து எழுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். மலைப்பக்கம் பார்த்த ஜன்னல் வேண்டும் என்றும் கேளுங்கள், கொஞ்சம் கூடுதல் காசு ஆனாலும் பரவாயில்லை. என் அம்மாவை அங்கே கூட்டிப்போனபோது, விடிவதற்கு முன்னால் எழுந்து ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. காபி கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "அப்புறம் குடிக்கிறேன், இது நின்னுடப் போகுது" என்றார். ஒரு நாள் பயணத்தில் போயிருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது.

யுசாவா தெருக்கள் துருப்பிடித்த சிவப்பாக இருக்கும், பார்த்துப் பயப்படாதீர்கள். சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கிறார்கள். தண்ணீரில் உள்ள இரும்பு படிந்த நிறம் அது. ஆகவே காலுக்கு வழுக்காத ரப்பர் அடி மட்டும் போதாது, தண்ணீர் புகாத பூட்ஸும் வேண்டும். பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும். வாங்கிக்கொடுங்கள். மலை உச்சிப் பக்கம் பார்க்க அவருக்கு ஆசை இருந்தால், ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரே பெட்டியில் 166 பேர் ஏறும் ரோப்வே இருக்கிறது. மேலே போய் ஒரு சூடான தேநீர் குடித்துவிட்டு இறங்கலாம்.

வெந்நீர் ஊற்றுக் குளியல், அதாவது ஆன்சென், மூட்டு வலிக்கு அத்தனை இதமாக இருக்கும். ஆனால் பொதுக் குளியலறையில் ஆண், பெண் தனித்தனி என்றாலும் உடையில்லாமல்தான் இறங்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் அதற்குச் சம்மதிப்பது அரிது, வற்புறுத்தவும் கூடாது. பல விடுதிகளில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தனிக் குளியலறை வாடகைக்குத் தருவார்கள். நீங்களும் மாமியாரும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கலாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தண்ணீர் நல்ல சூடாக இருக்கும்.

சாப்பாட்டில்தான் மலை உங்களைச் சோதிக்கும். ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான தாஷியில் பெரும்பாலும் மீன் இருக்கும். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் அதுதான். சோயா சாஸ் தொட்டுக்கொள்ளும் சாறிலும் அதைக் கலந்திருக்கலாம். "வெஜிடேரியன்" என்று சொன்னால் மீனை எடுத்துவிட்டுச் சாறை அப்படியே வைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம்தான். முன்பதிவு செய்யும்போதே மீன் சாறும் கூடாது என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்று ஒரு விடுதி சொன்னால் அது நேர்மையான பதில், சண்டை போடாமல் இரவு உணவு சேராத அறையாக எடுத்துவிடுங்கள். யுசாவா இருக்கும் பகுதி கோஷிஹிகாரி அரிசிக்குப் பேர்போனது. பனி உருகிய தண்ணீரில் விளையும் அந்தச் சோற்றின் வாசமே தனி. வெறும் சோறு எங்கும் கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு சின்ன நெய் புட்டி எடுத்துப் போங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம், சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் உள்ளே விடமாட்டார்கள். நானும் என் கணவரும் டோக்கியோவில் நிஷி-கசாயில் குடியிருந்த வருடங்களில், மலைக்குப் போகும்போது இந்தப் பொடி டப்பா இல்லாமல் கிளம்பியதே இல்லை.

இப்போது கணவருக்கு. டோக்கியோவில் மூன்று இரவு குறைவு என்று நினைக்க வேண்டாம். யுசாவாவில் எட்டு மணிக்கு மேல் உணவகங்கள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்துவிடும். டோக்கியோவில் அந்த நேரத்தில்தான் தெருக்கள் களைகட்டும். அதனால் மலையில் பகலையும் டோக்கியோவில் இரவையும் பயன்படுத்தலாம். உயெனோவின் அமேயோகோ சந்தையில் வருடக் கடைசி வாரம் புத்தாண்டுச் சாமான் வாங்கும் கூட்டம் அலைமோதும். நண்டும் மீன் முட்டையும் குரல் கொடுத்து விற்பார்கள். மாமியாரை அந்த நெரிசலுக்குள் கூட்டிப்போகாமல், கணவரும் மகனும் மட்டும் போய் வரட்டும். 1927இல் ஓடத் தொடங்கிய கின்சா சுரங்க ரயிலில் உயெனோவிலிருந்து மூன்றாவது நிறுத்தம் அசகுசா. செந்நிற வாயில்களோடு இருக்கும் சென்சோஜி கோயிலைக் காலை எட்டு மணிக்கு முன் பார்த்துவிடுங்கள். நிஷி-கசாயில் இந்திய மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. மூன்று நாள் பொடிச் சோற்றுக்குப் பிறகு உங்களுக்கு அது தேவைப்படும்.

செலவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்கச் செல்லும் ஜே.ஆர். ரயில் பாஸ் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென்னுக்கு ஏறியது. டோக்கியோ–யுசாவா போக வர ஒருவருக்கு ஏறக்குறைய 13,000 யென்தான் ஆகும். உங்களுக்கு நாலரை டிக்கெட். மகளுக்கு அரை, மகனுக்கு முழு. காரும் வாடகைக்கு எடுக்க வேண்டாம். பனிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர் குடும்பத்தோடு அதைப் பரீட்சித்துப் பார்ப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

சில வருடங்களில் டிசம்பரில் பனி தாமதமாக வரும். 22ஆம் தேதிக்குள் மேல் சரிவுகளாவது பொதுவாகத் திறந்திருக்கும் என்றாலும், கிளம்பும் வாரத்தில் அங்குள்ள கேமரா படங்களை இணையத்தில் பாருங்கள். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாக எடுத்திருந்தால் கலங்க வேண்டியதில்லை.

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறோம். மகன் யோகோஹாமாவில் வேலை செய்கிறான். பிப்ரவரியில் நானும் என் மனைவியும் போகிறோம். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது, எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மகனுக்குக் கிடைப்பது நான்கே நாள் விடுப்பு. அதில் எங்களை ஹாகுபாவுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறான்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு என் பதில் நகரம். மகனின் ஆசையைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நான்கு நாளில் ஒன்றரை நாள் போகவும் வரவுமே கழியும். பிப்ரவரி ஹாகுபாவில் கடும் குளிர், குளிர்காற்றில் மேடேறுவது இதயத்துக்குச் சுமை. சறுக்காத இரண்டு பேர் அறைக்குள்ளேயே நாளைக் கழிக்க வேண்டிவரும். மகன் சறுக்கப் போனால் நீங்கள் தனியாக இருப்பீர்கள், போகாவிட்டால் அவனுக்கும் அங்கே வேலையில்லை.

அதே பிப்ரவரியில் டோக்கியோவில் யுஷிமா டென்ஜின் கோயிலில் பிளம் மரங்கள் பூத்திருக்கும். ஷின்ஜுகுவில் டோக்கியோ அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடிக்கு லிஃப்டில் ஏறலாம், கட்டணம் இல்லை. குளிர்காலத் தெளிவில், காலை நேரத்தில், அங்கிருந்து ஃபூஜி மலை உச்சி வெள்ளையாகத் தெரியும். உங்கள் மகனோடு நான்கு நாளும் சேர்ந்து நடக்கவும் சாப்பிடவும் பேசவும் நகரம்தான் சௌகரியம். பனி பார்த்தே தீர வேண்டும் என்றால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் யுசாவாவில் ஒரே ஓர் இரவு, மேலே சொன்ன மாதிரி கட்டில் உள்ள அறை. ஹாகுபாவுக்கு உங்கள் மகன் நண்பர்களோடு இன்னொரு தடவை போகட்டும்.

கேள்வி: டோக்கியோவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். மதுரையிலிருந்து நண்பர்கள் டிசம்பர் முதல் வாரம் வருகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் பனிச்சறுக்கு. எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், டோக்கியோ

பதில்: அந்த வாரத்தில் யுசாவாவை நம்பாதீர்கள். கீழ்ச் சரிவுகள் இன்னும் புல்லாகவே இருக்கலாம். உங்களுக்கு ஏற்ற இடம் கருயிசாவா. ஷின்கான்செனில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே இயந்திரத்தால் பனி செய்து நவம்பர் தொடக்கத்திலேயே சரிவைத் திறந்துவிடுவார்கள். டிசம்பர் தொடக்கத்தில் சில சரிவுகள்தான் தயாராக இருக்கும், சுற்றிலும் மரங்கள் மொட்டையாக நிற்கும். முதல் தடவை கட்டை மாட்டும் மதுரை நண்பர்களுக்கு அது தாராளம். ஸ்டேஷனை ஒட்டியே பெரிய கடைத்தொகுதி இருப்பதால் சறுக்க விரும்பாதவருக்கும் பொழுது போகும். ஒரு நாள் போதும், ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவிலேயே இருங்கள். ஆளுயரப் பனிதான் வேண்டும் என்று நண்பர்கள் சொன்னால், டிக்கெட் இன்னும் எடுக்காதவரை பயணத்தை ஜனவரி கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள்.